காலாடிப்பேட்டையில் காலாடிகள் யாரும் இல்லை

கேட்டவர் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து திருவொற்றியூரில் குடியேறியிருக்கும் ஒரு தம்பி. மெட்ரோவில் தினமும் “அடுத்த நிலையம் காலாடிப்பேட்டை” என்ற அறிவிப்பு காதில் விழுகிறதாம். ‘ஊருக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? இந்த மாதிரி விசித்திரமான பெயர்கள் எப்படி வந்தன? அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையை நம்பலாமா?’ என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவன். அப்பா பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தார். பழைய பத்திரக் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்குவது பள்ளி விடுமுறையில் என் வேலை. ஒரே பத்திரத்தில் ஒரே தெருவை மேலே ஒரு விதமாகவும், கீழே நான்கெல்லை சொல்லும் இடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். “எதுப்பா சரி?” என்று கேட்டால், “ரெண்டும் சரி, இடம் ஒண்ணுதானே” என்பார். ஊர்ப்பெயர்ப் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

காலாடிப்பேட்டையிலிருந்தே தொடங்குவோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்று துணிதான் வியாபாரம். நெசவாளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் சரக்கு நேரத்துக்குக் கப்பலேறும். அதனால் கவர்னர்கள் நெசவாளிகளுக்கு நிலம் கொடுத்து, குடியிருப்பு அமைத்து, கோயிலும் கட்ட ஏற்பாடு செய்வது வழக்கம். காலெட் திருவொற்றியூருக்குத் தெற்கே அப்படி ஒன்றை உண்டாக்கினார். அவர் பெயரால் அது காலெட்பேட்டை. அங்கே இருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அவரைச் சேர்த்தே ஒரு கதை உண்டு. காலெட்டிடம் வேலை பார்த்த ஒருவர் காஞ்சி வரதரைச் சேவிக்காமல் வேலைக்கே வரமாட்டாராம். அவருக்காகவே துரை இங்கே ஒரு வரதரை எழுந்தருளச் செய்தார் என்பார்கள்.

காலெட் கப்பலேறிப் போய்விட்டார். பெயர் மட்டும் நம் வாயில் மாட்டிக்கொண்டது. ‘காலெட்’ என்ற ஒலிக்குத் தமிழில் ஒரு பொருளும் இல்லை. பொருளில்லாத ஒலியை நாக்கு ரொம்ப நாள் சுமக்காது; பக்கத்தில் தெரிந்த சொல் ஏதாவது இருந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். காலெட்டு காலாட்டு ஆகி, காலாட்டு காலாடி ஆகிவிட்டது. வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனைத்தான் காலாடி என்கிறோம். ஓய்வே இல்லாமல் தறியில் கால் மிதித்த நெசவாளிகளின் ஊருக்கு வந்து சேர்ந்த பெயரைப் பாருங்கள்.

இதே நெசவுக் கணக்கில் 1734இல், கவர்னர் பிட் காலத்தில், கூவம் ஆற்றங்கரையில் இன்னொரு பேட்டை உருவானது. சின்னத் தறி வைத்து நெய்கிறவர்களுக்கான சின்னத்தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இது ஒரு தமிழ்ப்பெயர் தமிழர் வாயிலேயே தேய்ந்த கதை. சிந்தாதிரி என்று ஒரு சாமி இருக்கும் என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காது செய்யும் இந்த வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பாரிமுனையில் இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சென்னையில் அர்மீனிய வியாபாரிகள் பெரும் செல்வத்தோடு இருந்தார்கள். அவர்களுடைய மாதாகோவிலின் மணிக்கூண்டை இன்றும் பார்க்கலாம். அந்தத் தெரு ஆங்கிலத்தில் அர்மீனியன் தெரு. தமிழில்? அரண்மனைக்காரன் தெரு! அர்மீனியன் என்ற சொல்லைக் கேட்ட நம்மவர் காதில் அது ‘அரண்மனை’ என்று விழுந்திருக்கிறது. அரண்மனை இருந்தால் அதற்கு ஒரு காரன் வேண்டாமா, சேர்த்துவிட்டார்கள். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. சற்றுத் தள்ளி இருக்கும் பவழக்காரத் தெருவில் பவழ வியாபாரிகள் உண்மையாகவே இருந்தார்கள், அந்தப் பெயர் அப்படியே நேர்ப்பெயர். பக்கத்துப் பக்கத்தில் ஒன்று உள்ளதைச் சொல்கிறது, இன்னொன்று காதில் விழுந்ததைச் சொல்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் போய்வந்த தூரம் கொஞ்சமல்ல. ஹாமில்டன் என்ற துரையின் பெயரில் ஹாமில்டன் பாலம் என்று இருந்தது. மெட்ராஸ் வாயில் ‘அமட்டன் வாராவதி’ ஆனது. (வாராவதி என்றால் பாலம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.) அமட்டன் இன்னும் கொஞ்சம் திரிந்து, முடிதிருத்துவோரைக் குறிக்க அந்தக் காலத்தில் வழங்கிய சாதிப்பெயராகிவிட்டது. அப்புறம் அந்தத் தமிழ்ப்பெயரைக் கேட்ட ஆங்கிலக்காரர்கள் அதை மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதிக்கொண்டார்கள். தங்கள் ஆளின் பெயர்தான் அது என்பது அவர்களுக்கே மறந்துபோயிற்று என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். இன்று அது அம்பேத்கர் பாலம்.

ஆங்கிலக்காரர்கள் நம் பெயர்களைப் படுத்தியதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கினார்கள், தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கினார்கள், எல்லாம் உண்மைதான். நாமும் பதிலுக்குப் பதில் செய்திருக்கிறோம், வட்டியோடு.

சரி, எல்லா விசித்திரமும் காது செய்ததல்ல. சில பெயர்கள் நடந்த காரியத்தை அப்படியே சொல்கின்றன, நாம்தான் நம்பமாட்டோம். கடலூரில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. குண்டு என்றால் பருமனும் இல்லை, குண்டுமல்லியும் இல்லை. பீரங்கிக் குண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. பிறகு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வாங்கியது கோட்டையை மட்டுமல்ல. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கிரயத்தில் சேர்த்தி. இப்படி ஒரு நான்கெல்லையை என் அப்பா எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கமாட்டார். கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள், நல்ல தூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் குண்டு கிராமங்கள். அந்தப் பீரங்கிச் சத்தத்தில் உப்பலவாடிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பதிவிலும் இருக்காது. பெயரில் மட்டும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மதுரைக்காரர்களிடம் “மாரட் வீதிக்கு ஏன் அந்தப் பெயர்?” என்று கேட்டுப் பாருங்கள். மராட்டியர் இருந்த வீதி என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரையின் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலைக்கு நிலம் அளந்தவர் மாரட் என்ற சர்வேயர். மேஸ்திரியாக இருந்தவர் பெருமாள். கோட்டை இருந்த இடத்தில் புதிதாக உண்டான வீதிகளில் ஒன்றுக்குச் சர்வேயர் பெயர், இன்னொன்றுக்கு மேஸ்திரி பெயர். வெளியே இருந்தது வெளி வீதி. கலெக்டர் பெயரில் வீதி இல்லை, அவருக்கு ஒரு விளக்குத்தூணோடு சரி. நம் நாட்டில் ஒரு மேஸ்திரியின் பெயர், மேஸ்திரி என்ற பட்டத்தோடு, கோயிலைச் சுற்றியுள்ள வீதிக்கு நிலைத்து நிற்பது சாதாரண விஷயமா? அதனால் பெருமாள் மேஸ்திரி வீதிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி: ஊர்க்காரர் கதையை நம்பலாமா? கேளுங்கள், ரசியுங்கள். ஆனால் நம்புவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள் என்பேன்.

ஒன்று, பக்கத்து ஊர்களின் பெயர். கோடம்பாக்கம் என்பது ‘கோடா பாக்’ என்பதிலிருந்து வந்தது, நவாபின் குதிரைகள் மேய்ந்த தோட்டம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேப்பாக்கத்துக்கும் இதே கதைதான். ‘சே பாக்’, ஆறு தோட்டங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுங்கம்பாக்கம், புரசைவாக்கம், விருகம்பாக்கம், கீழ்ப்பாக்கம், அரும்பாக்கம், வளசரவாக்கம் என்று சுற்றிலும் பாக்கமும் வாக்கமுமாக இருக்கும்போது, இந்த இரண்டு ஊருக்கு மட்டும் எங்கிருந்து நவாபின் தோட்டம் வந்தது? நுங்கம்பாக்கம் ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேட்டிலேயே வருகிற ஊர். ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டியது அதற்கு ஏழு நூற்றாண்டு கழித்து. பாக்கம் என்பது கடற்கரையை ஒட்டிய ஊருக்கு நம்மிடம் இருந்த பழைய சொல். நவாபின் குதிரை வந்துதான் ஊருக்குப் பெயர் கிடைக்கவேண்டும் என்று அது காத்துக்கொண்டிருக்கவில்லை.

இரண்டாவது, ஆண்டு. உங்கள் மெட்ரோ வழியிலேயே தண்டையார்பேட்டை இருக்கிறதே, அதற்குச் சொல்லும் கதை இது: குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டி பக்கத்து ஊர்க்காரர், ஆகவே அவரைத் தொண்டியார் என்பார்கள், அவர் வந்து தங்கியதால் தொண்டியார்பேட்டை, அது மருவித் தண்டையார்பேட்டை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்லுவார்கள், நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மஸ்தான் சாகிபு பெரிய ஞானி. அவர் வடசென்னையில் வாழ்ந்ததும், ராயபுரத்தில் அடங்கியிருப்பதும் உண்மை. ஆனால் அவர் பிறந்தது 1792இல். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று ஊர்களும் கம்பெனியின் கைக்கு வந்தது 1693இல். அவர் பிறப்பதற்கு 99 ஆண்டுகள் முன்பே ஊர் கணக்கில் ஏறிவிட்டது. இப்படி வயதைக் கணக்குப் போட்டாலே பாதிக் கதைகள் உட்கார்ந்துவிடும். இதைச் சொன்னதற்கு என் மாமா ஒருவர் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை, அது வேறு விஷயம்.

அதே கணக்கு ராயபுரத்தில் கதைக்குச் சாதகமாக வருகிறது. ராயபுரம் என்றால் ராயர், ராஜா, ராயல் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்றால் பேதுரு. சின்னப்பர் என்றால் பவுல். அருளப்பர் என்றால் யோவான். ராயபுரத்தில் இருக்கும் பழைய மாதாகோவில் பேதுருவுக்கு உரியது, மீன்பிடிப்பவராக இருந்து சீடரானவர் அவர். படகும் வலையுமாக வாழும் மக்களின் ஊருக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்? இங்கே ஊர்க்காரர் சொல்லும் விளக்கமும், சொல்லும், கண்முன் நிற்கும் கட்டடமும் ஒன்றாகப் பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தினால் நான் நம்பிவிடுவேன்.

ஈரோட்டுக்குப் போனால் ஒரே பெயருக்கு இரண்டு விளக்கம் கிடைக்கும். பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் ஒட்டிக்கொண்ட ஓடு இங்கே ஈரமாக விழுந்தது, ஆகவே ஈர ஓடு என்பது ஒன்று. பெரும்பள்ளம், பிச்சைக்காரன் பள்ளம் என்று இரண்டு ஓடைகள் ஓடும் ஊர், ஆகவே ஈரோடை என்பது இன்னொன்று. கதையாக முதலாவது பிரமாதம். ஆனால் எனக்கு ஓடைதான். ஊருக்குப் பெயர் வைக்கிறவன் முதலில் பார்ப்பது தண்ணீரையும் மேட்டையும் மரத்தையும்தான். ஆறு, குளம், குன்று, பனை, ஆல், புளி என்று நம் ஊர்ப்பெயர்களில் பாதி அப்படிப்பட்டவை. அதில் ஆராய ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

கோயில் ஊர்களில் இன்னொரு குழப்பம் உண்டு, மொழிபெயர்ப்பு. தேவாரத்தில் முதுகுன்றம் என்று பாடிய ஊர், முது என்பதை விருத்த என்றும் குன்றை அசலம் என்றும் ஆக்கி விருத்தாசலம் ஆனது. குடமூக்கு கும்பகோணம் ஆனது. மறைக்காடு வேதாரண்யம் ஆனது. இந்தக் கடைசிப் பெயரில்தான் சுவாரசியம். மறை என்றால் வேதம், ஆகவே வேதாரண்யம் சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் அது மறைக்காடே அல்ல, மரைக்காடு, மரை என்ற மான் திரிந்த காடு என்று சொல்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் கோடிக்கரைக் காட்டில் இன்றைக்கும் மான்கள் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் ஒரே ஒரு எழுத்து, ர இருந்த இடத்தில் ற, ஒரு காட்டு மானை வேதமாக்கிவிட்டது. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

தஞ்சாவூரில் மானம்புச்சாவடி என்று ஓர் இடம். தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் பெயரால் சங்கீதம் கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மானமும் இல்லை அம்பும் இல்லை. மகாநவமியை அந்தப் பக்கத்தில் மகர்நோன்பு என்பார்கள். மகர்நோன்புச்சாவடிதான் வேகமாகச் சொல்லிச் சொல்லி இப்படி ஆகிவிட்டது.

நீங்கள் இறங்கும் திருவொற்றியூரையும் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பிரளய வெள்ளத்தை ஒற்றி நிறுத்திய இடம் என்பது தலபுராணம். எனக்கு நினைவுக்கு வருவது ‘ஒத்தி’. தென்மாவட்டங்களில் வீட்டை ஒத்திக்கு விடுவது என்றால் ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது. ஒற்றி என்பதுதான் பேச்சில் ஒத்தி. அதற்காக ஊரே அடமானத்தில் இருந்தது என்று நான் சாதிக்கவில்லை. தேவாரக் காலத்திலேயே ஒற்றியூர் என்ற பெயர் நிலைத்துவிட்டது; அதற்கு முந்தைய வடிவம் கையில் இல்லாமல் இதற்குமேல் பேசினால் அது என் கதையாகிவிடும்.

சாவடி என்றதும் கொத்தவால்சாவடி நினைவுக்கு வருகிறது. கொத்தவால் என்பது சந்தையையும் காவலையும் பார்த்துக்கொண்ட அதிகாரியின் பதவி. அந்தப் பதவி போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது, காய்கறிச் சந்தையும் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பெயர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வால்டாக்ஸ் சாலையும் அப்படியே. ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்தச் செலவுக்கு மக்கள் தலையில் வரி போட நினைத்தார்கள். இன்று சுவர் எங்கோ ஒரு துண்டுதான் மிச்சம், வரியும் இல்லை. சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடிக்கிறவர்கள் எல்லாம் அந்த வரியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சொந்தமாகத் தேட ஆசை இருந்தால் பெரிய நூலகத்துக்கெல்லாம் போகவேண்டாம். வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் நான்கெல்லையை மட்டும் வாசியுங்கள். அந்த ஊர்ச் சிவன் கோயிலில் கல்வெட்டு இருந்தால், அது படித்து அச்சான பிரதி எங்காவது கிடைக்கும். அதில் ஊரின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழும்பூர் பழைய கல்வெட்டில் எழுமூர் என்றிருக்கிறது. அது தெரிந்தபின், எழும்பூரில் என்ன எழும்பியது, யார் எழுப்பியது என்று கதை கட்டுகிறவரைப் பார்த்தால் பேசாமல் சிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் மெட்ரோ வழியிலேயே இன்னொரு பெயர் இருக்கிறது, விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுருக்கினால் விம்கோ. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்தது. தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை வந்த மாதிரிதான் இதுவும். போன மாதம் அந்த ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு சிறுவன் அம்மாவிடம், “விம்கோ நகர்னா என்னம்மா?” என்று கேட்டான். அந்த அம்மா கைபேசியிலிருந்து நிமிராமலே சொன்னார்: “பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருக்குல்ல விம்மு, அந்தக் கம்பெனி முன்னாடி அங்க இருந்துச்சு.” பையன் தலையாட்டிக்கொண்டான். நான் திருத்தலாமா என்று யோசிப்பதற்குள் தேரடி வந்துவிட்டது, இறங்கிவிட்டார்கள்.